பழைய தங்கக் காசு: வீட்டுத் தராசா, உரைகல்லா, கரட் மெஷினா?

திருகோணமலையில் மஞ்சள் நிறக் காசு ஒன்று கையில் வந்து சேரப் பல வழிகள் உண்டு. அம்மம்மாவின் தகரப் பெட்டிக்குள் சேலைத் துண்டில் முடிந்து வைத்தது, அத்திவாரம் வெட்டும்போது மண்வெட்டியில் பட்டது, மாரியில் கடல் அரித்த பிறகு மணலில் மின்னியது, "அவசரத்துக்குத் தாறன், பாதி விலை தந்தாப் போதும்" என்று யாரோ கொண்டுவந்து நீட்டியது. சோழர் காலத்திலும் கப்பல் வந்துபோன துறைமுகம் இது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கோட்டை வைத்திருந்தார்கள். பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே தளம் வைத்திருந்தது. ஆகவே நல்ல காசு கிடைக்க இடமுண்டு. பித்தளைப் பொத்தானும், சீட்டாட்டத்துக்கு வைத்திருந்த வில்லையும் கிடைக்க அதைவிடக் கூடுதலாக இடமுண்டு.

காசை வைத்திருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இது தங்கமா?" அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உலோகம் தங்கமா? காசு, தான் சொல்லும் காலத்தில் சொல்லும் இடத்தில் அச்சடித்ததா? இதை வைத்திருக்கவும் விற்கவும் எனக்கு உரிமை இருக்கிறதா? முதல் கேள்விக்கு நகைக்கடை பதில் சொல்லும். இரண்டாவதற்கு அங்கே பதில் கிடைக்காது. மூன்றாவது சட்டத்தின் விஷயம். எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று தெரியாமல் கடைப்படி ஏறுவதால்தான் நல்ல காசுகள் கீறலோடு திரும்பி வருகின்றன.

முதலில் வெறுங்கண்ணால்

செலவில்லாத வேலை இது. ஆனாலும் பாதிக் காசுகள் இங்கேயே விலகிவிடும். 1943, 1944, 1951 ஆண்டுகளில் வந்த ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட இலங்கைச் சதங்களில் பல நிக்கல் கலந்த பித்தளை. நெளிவிளிம்பு இரண்டு சதம், பத்துச் சதம் எல்லாம் தேய்த்துவிட்டால் தங்கம் போலவே மின்னும். 2005க்குப் பிறகு வந்த மஞ்சள் நிற ஒரு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகள் பித்தளை பூசிய உருக்கு, காந்தம் பிடிக்கும். இராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பனி, 1818, ஒரு அணா என்று ஆங்கில எழுத்து இருந்தால் அது எந்த அரசும் வெளியிடாத வில்லை. "சக்தி உள்ள காசு" என்று சொல்லி அதற்கு இலட்சக்கணக்கில் பேரம் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேச்சே வேண்டாம்.

இன்னொன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே பழையது. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை, மறுபக்கம் குதிரைவீரன், குதிரையின் காலடியில் பறவைநாகம். அளவும் ஏறத்தாழப் பவுண் காசின், அதாவது பிரித்தானியத் தங்கக் காசின் அளவு. ஓரத்தில் 'டு ஹனோவர்' என்ற ஆங்கில எழுத்தும் 1837 என்ற ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டு விக்டோரியா இங்கிலாந்துக்கு அரசியானார். பெண் ஆள முடியாத ஹனோவர் நாட்டுக்கு அவருடைய சிற்றப்பா அரசராகப் போனார். அவரைக் கேலி செய்து அடித்த பித்தளை வில்லை இது. பிறகு நெடுங்காலம் சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக ஓடியது. எங்கள் உறவுக்குள் ஒரு பெரியம்மா அப்படி ஒன்றைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் பவுண் என்றே வைத்திருந்தார். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வயது, கப்பலேறி வந்த பொருள், ஆனால் ஒரு துளித் தங்கம் இல்லை. பழையதாக இருப்பது வேறு, தங்கமாக இருப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் செம்பு அல்லது பித்தளை என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். தங்கத்தில் அப்படிப் பிடிக்காது. 22 கரட் காசில் செம்பு கலந்திருப்பதால் சிவந்த புள்ளி மட்டும் வரலாம். அதைப் பார்த்துவிட்டுப் புளி போட்டுத் தேய்க்கப் போகாதீர்கள். எலுமிச்சையும் வேண்டாம், பல் தூரிகையும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் மேற்பரப்பு போய்விடும். சேகரிப்பவர் பார்ப்பது அந்த மேற்பரப்பைத்தான். இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிய நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

வீட்டுத் தராசும் ஒரு கிண்ணம் தண்ணீரும்

என்னைக் கேட்டால், இருக்கிற வழிகளில் முதலில் செய்ய வேண்டியதும் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் இதுதான். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். வீட்டில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை இருந்தால் வேணியர் இடுக்கியும் இருக்கும், ஆக்கிமிடிசின் தத்துவமும் தெரிந்திருக்கும்.

பிரித்தானியப் பவுண் காசுக்கு அளவு நிச்சயமானது: எடை 7.99 கிராம், விட்டம் 22.05 மில்லிமீற்றர், தடிப்பு ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர். அரைப் பவுண் என்றால் 3.99 கிராம், விட்டம் 19.3. புழக்கத்தில் தேய்ந்த முழுப் பவுண் 7.94க்குக் கீழே போனால் அந்தக் காலத்திலேயே செல்லாக்காசு. இப்போது போலிக்காரன் என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். இதே அளவில் பித்தளையில் அடித்தால் எடை 4 கிராம் கூட வராது. எடையைச் சரிக்கட்டினால் தடிப்பு இரண்டு மடங்காகும். எடை, விட்டம், தடிப்பு மூன்றையும் ஒன்றாகச் சரிப்படுத்தத் தங்கத்தின் அடர்த்தி வேண்டும், அது மலிவான உலோகத்தில் கிடையாது. கழுத்தில் போட வளையம் ஒட்டிய காசு என்றால் வளையமும் அதை ஒட்டவைத்த பொடியும் எடையைக் கூட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பவுண் காசு இல்லை, என்ன காசு என்றே தெரியாது என்றால் தண்ணீர் உதவும். முதலில் காய்ந்த காசை நிறுத்து எழுதுங்கள். தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு ஒரு சின்ன எண்ணைக் காட்டும். காய்ந்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. முழுப் பவுண் 0.45 அல்லது 0.46 காட்டும், வகுத்தால் 17.5 பக்கத்தில் வரும். 24 கரட் தங்கம் 19.3, ஈயம் 11.3, வெள்ளி 10.5, செம்பு 9க்குச் சற்றுக் கீழே, பித்தளை 8.5 அளவில். தங்கத்துக்கும் பித்தளைக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் கை கொஞ்சம் நடுங்கினாலும் குழப்பம் வராது.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி கழன்றுவிடும். காசு சின்னதாகச் சின்னதாகத் துல்லியம் குறையும். 4 கிராம் காசில் தராசு 0.01 தவறினாலே அடர்த்தி 16.6க்கும் 18.1க்கும் இடையே ஆடும். அரைக் கிராம் கூட இல்லாத, பணம் என்று பெயர் கொண்ட தென்னிந்தியச் சிறு தங்கக் காசுகளுக்கு இந்தத் தராசு போதவே போதாது. தங்குதன் என்ற உலோகம் சுத்தத் தங்கத்தின் அடர்த்திக்கு மிக நெருக்கம், 19.25, ஆனால் பழைய காசுகள் பெரும்பாலும் 22 கரட்டோ அதற்குக் கீழோ என்பதால் அந்த ஏமாற்று இங்கே எடுபடாது. அது 24 கரட் கட்டி வாங்குபவரின் கவலை.

காந்தம், தட்டிப் பார்க்கும் ஓசை, கடித்துப் பார்ப்பது பற்றியும் கேட்பீர்கள். காந்தம் ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது, பித்தளையும் ஒட்டாது. ஓசை பித்தளையிலும் நன்றாகவே வரும், வளையம் ஒட்டிய நல்ல காசில் வராது. கடிப்பதால் பல்லுக்குத்தான் சேதம்.

பத்தரின் கல்லா, கடையின் மெஷினா

இனி வெளியே. நகரில் பழைய பத்தர்மார் இன்னும் உரைகல் வைத்திருக்கிறார்கள். பெரிய நகைக்கடைகளில் கரட் மெஷின் வந்துவிட்டது. இரண்டில் எது என்பதில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

பத்தரின் வேலை பார்க்க அழகானது. கறுப்புக் கல்லை எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, காசின் ஓரத்தை அழுத்தி இழுப்பார். மஞ்சள் கோடு விழும். பக்கத்தில் தான் அறிந்த 22 கரட் தங்கத்தால் இன்னொரு கோடு. அமிலக் குப்பியின் கண்ணாடிக் குச்சியால் இரண்டு கோட்டுக்கும் குறுக்கே ஒரு ஈரக்கோடு போடுவார். பித்தளையாக இருந்தால் அந்த இடம் நுரைத்து, நீங்கள் மூச்சு விடுவதற்குள் கல் வெறும் கறுப்பாகிவிடும். தங்கம் என்றால் இரண்டு கோடும் அப்படியே கிடக்கும். நிறம் எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துக் கரட்டைச் சொல்வார். முப்பது வருடம் இதையே பார்த்த கண் சொல்லும் கணிப்பு பெரும்பாலும் பிழைக்காது. கூலியும் பெரும்பாலும் வாங்கமாட்டார்.

ஆனால் அந்தக் கோடு உங்கள் காசிலிருந்து வந்தது. விளிம்பின் வரிகளில் ஒரு மழுங்கிய இடம் விழுந்துவிட்டது. உருக்கப் போகும் காசுக்கு அது ஒன்றுமில்லை, அரிய காசுக்குப் பெரிய நட்டம். அதைவிட மோசம், முலாம் தடிப்பாக இருந்தால் கோடு நல்ல தங்கம் என்றே காட்டும். அப்போது பத்தர் அரத்தைத் தேடுவார். "தம்பி, உள்ளுக்க என்ன எண்டு ஒரு வெட்டு வெட்டினாத்தான் தெரியும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய தொழிலில் அதுதான் முறை. நீங்கள் அப்போது "வேண்டாம் ஐயா, நிறுத்து மட்டும் தாங்கோ" என்று சொல்லிக் காசைத் திரும்ப வாங்க வேண்டும். வளையம் ஒட்டிய காசில் பொடி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் உரசினால் பொடியின் தரம்தான் கல்லில் வரும், காசின் தரம் வராது, அதையும் கவனியுங்கள்.

கரட் மெஷின் எக்ஸ்கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு உலோகங்களைப் பிரித்துச் சொல்கிறது. காசைத் தொடுவதில்லை, கீறுவதில்லை, ஒரு நிமிடத்துக்குள் தங்கம் இத்தனை வீதம், செம்பு இத்தனை வீதம் என்று துண்டுச் சீட்டு வரும். பவுண் காசுக்குத் தங்கம் 91.6 வீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், மீதி பெரும்பாலும் செம்பு. துத்தநாகமோ நிக்கலோ தலைகாட்டினால் சந்தேகப்படுங்கள்: மெல்லிய முலாமுக்குக் கீழிருந்து பித்தளை எட்டிப் பார்க்கிறது என்று பொருள்.

மெஷின் பார்ப்பது தோலை மட்டும், மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு ஆழம். தடித்த முலாம் அதையும் ஏமாற்றும். இன்னொரு சங்கதியும் உண்டு. நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்த கலப்புத் தங்கக் காசில் மேற்பரப்பின் செம்பும் வெள்ளியும் மெல்ல அரித்துப்போய், தோலில் தங்கம் கூடுதலாகத் தெரியும். உள்ளே தரம் குறைவாக இருந்தாலும் சீட்டு உயர்ந்த எண்ணைக் காட்டும்.

ஆகவே நான் சொல்வது: உரைகல்லை விட்டுவிட்டு, தண்ணீர்த் தராசையும் மெஷினையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். மெஷின் தோலைப் பார்க்கிறது, தண்ணீர் முழுக் காசையும் நிறுக்கிறது. இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் உலோகத்தைப் பற்றி மேலே கேள்வியில்லை. மெஷின் 91 என்று காட்டி, தண்ணீர் 11 என்று காட்டினால் உள்ளே வேறு உலோகம் இருக்கிறது. அரத்தால் வெட்டாமலே தெரிந்துவிட்டது.

வங்கி அடகுப் பிரிவுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அங்கேயும் உரசித்தான் பார்ப்பார்கள், அவர்களுக்கு வேண்டியது கடனுக்கு ஈடாகும் தங்கத்தின் பெறுமதி. காசு யாருடையது, எந்த ஆண்டு என்பது அவர்கள் கணக்கில் வராது. அடகு வைக்கவே போகிறீர்கள் என்றால் சரி, மற்றபடி சோதனைக்காக அலைய வேண்டாம்.

தங்கம்தான், ஆனால் அந்தக் காசுதானா?

இங்கேதான் நகைக்கடை கை விரிக்கும். 1950களில் மிலானிலும் பெய்ரூட்டிலும் நல்ல தங்கத்திலேயே பவுண் காசுகளைப் போலியாக அடித்தார்கள். எடை சரி, தரம் சரி, மெஷினும் தண்ணீரும் தலையாட்டும், ஆனாலும் அரசின் நாணய அச்சகத்தில் பிறந்த காசு இல்லை. பூதக்கண்ணாடி பத்து மடங்கு பெருக்கினால் போதும். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக எழுந்து நிற்கிறதா, சோப்புக் கட்டி போல மழுங்கியிருக்கிறதா, வெற்றிடத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கின்றனவா, விளிம்பைச் சுற்றி வார்ப்பு ஒட்டின கோடு தெரிகிறதா என்று பாருங்கள். ஐந்தாம் ஜோர்ஜ் காலக் காசில் ஆண்டுக்கு மேலே, நிலக்கோட்டில் சின்ன எழுத்து ஒன்று அச்சகத்தைச் சொல்லும்: எஸ் சிட்னி, எம் மெல்பேர்ன், பி பேர்த், சி ஒட்டாவா, எஸ்ஏ பிரிட்டோரியா. ஐ என்று இருந்தால் பம்பாய். அந்தக் காலத்தில் அங்கே 1918இல் மட்டும்தான் அடித்தார்கள். வேறு ஆண்டோடு ஐ வந்தால் கதை முடிந்தது. எழுத்தே இல்லாத 1917 என்றால் இலண்டன் காசு. அது அரிது, அதனால் போலியும் அதிகம்.

சாதாரண ஆண்டுப் பவுண் என்றால் இந்த ஆராய்ச்சியால் பெரிய வித்தியாசம் வராது. அதன் விலை உள்ளே இருக்கும் 7.32 கிராம் சுத்தத் தங்கத்தின் விலையை ஒட்டியே போகும். அரிய ஆண்டு என்று தோன்றினால் அமெரிக்காவின் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் காசைப் பரிசோதித்துத் தரமிட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும். அனுப்பும் செலவு, காப்புறுதி, சுங்கம் எல்லாம் பார்த்தால் ஓர் எளிய காசுக்கு இது கட்டாது. எழுத்தில் ஒரு தங்கப் பரிசோதனை அறிக்கை மட்டும் போதும், வாரிசுகளுக்குள் பங்கு பிரிக்க வேண்டும் என்றால், கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபை இருக்கிறது. இங்கிருந்து 260 கிலோமீற்றர் அளவில் பயணம். ஆனாலும் காசை வாங்க நினைக்கும் கடைக்காரர் வாயால் சொல்லும் விலையைவிட, அதில் எந்த இலாபமும் இல்லாதவர் எழுதித் தரும் தாளை நான் நம்புவேன்.

மண்ணிலிருந்து வந்த காசு

பழைய இலங்கைக் காசுகளுக்கு மேலே சொன்ன அளவுகோல் பொருந்தாது. கஹவணு என்ற பொற்காசு 4.2 கிராம் அளவில் இருக்கும். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உருவத்தோடு நாகரி எழுத்தில் ஸ்ரீ லங்கேஸ்வர என்ற வாசகம். இராஜராஜ சோழன் பெயரில் இதே சாயலில் வந்த செம்புக் காசுகள் இந்தத் தீவில் ஏராளம். செம்புக்கு மேலே முலாம் பூசிப் பொன் என்று விற்பது எளிது. தண்ணீர்த் தராசு அதைக் காட்டிக்கொடுக்கும். யாழ்ப்பாண அரசின் நந்தி பொறித்த சேதுக் காசும் பெரும்பாலும் செம்புதான். மறுபுறம், 11ஆம் நூற்றாண்டில் பொற்காசில் தங்கம் குறைந்துகொண்டே போய், 12ஆம் நூற்றாண்டில் செம்புக்கே வந்துவிட்டார்கள். ஆகவே ஒரு பழைய காசின் அடர்த்தி 13 என்று வந்தால் போலி என்று தூக்கி எறியக் கூடாது. கரட் குறைந்த உண்மைக் காசாக அது இருக்கலாம், தங்க விலையைவிடப் பல மடங்கு வரலாற்றுப் பெறுமதியும் இருக்கலாம். நகைக்கடையில் இதற்குப் பதில் கிடையாது. தொல்பொருள் தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும்.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் என்று கொள்கிறது. நிலத்துக்குள்ளிருந்து புதிதாக எடுத்த, உரிமையாளர் இல்லாத தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும், அனுமதியின்றித் தோண்டக் கூடாது, அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பவும் கூடாது. கந்தளாய், திரியாய், பெரியகுளம், கன்னியா என்று இந்த மாவட்டம் முழுக்க மண்ணுக்குள் ஊர் இருக்கிறது. அத்திவாரத்தில் காசு வந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்து, எவ்வளவு ஆழத்தில் எதோடு சேர்ந்து கிடந்தது என்று குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காசு இருந்த இடம் தெரியாவிட்டால் அதன் கதையில் பாதி போய்விடும். பத்தரிடம் உருக்கக் கொடுத்தால் மீதியும் போகும். நம் முன்னோர் இந்தத் துறைமுகத்தில் வணிகம் செய்ததற்குக் கையில் பிடிக்கக்கூடிய சான்று அது. சில கிராம் தங்கத்துக்காக அதை அழிக்க என்னால் ஒப்ப முடியாது.

குதிரைவீரன் போட்ட பவுண் காசு 1817இல்தான் தொடங்கியது, சட்டம் சொல்லும் ஆண்டுக்கு இரண்டு வருடம் பின்னால். எனவே பெட்டியிலிருந்த பவுணை விற்கத் தொல்பொருள் சட்டம் தடையில்லை.

கடைசியாக, காசை வாங்கப் போகிறவருக்கு. புதையலில் கிடைத்தது, ஒரு பானை நிறைய இருக்கிறது, ஒன்றைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள் என்று தருவார்கள். அந்த ஒன்று நல்ல தங்கமாகவே இருக்கும், பத்தரும் மெஷினும் தண்ணீரும் எல்லாம் ஒப்புக்கொள்ளும். அப்புறம் கையில் வரும் பையில் பித்தளை இருக்கும். உண்மையிலேயே புதையல் என்றால் அதை வாங்குவதே குற்றம். குடும்பச் சொத்து என்றால் பணம் கொடுக்கும் மேசையிலேயே ஒவ்வொரு காசையும் நிறுங்கள், விட்டம் பாருங்கள், 7.99க்கும் 22.05க்கும் பக்கத்தில் வராததைத் தனியே வையுங்கள். "அண்ணை, தராசெல்லாம் என்னத்துக்கு, நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டால் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்புங்கள்.